காதில் விழாத பிள்ளை

தம் பிள்ளை பிறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்பதற்காக எத்தனையோ தகப்பன்மார் வாசற்படியிற் கால் கடுக்க நின்றிருக்கிறார்கள். சிவபாதத்தார் அந்தச் சாதாரணக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். பிள்ளை பிறந்தால் அந்தச் செய்தி எக்காரணங்கொண்டும் தம் காதில் விழக்கூடாது என்று அவர் தீர்மானித்தார். தீர்மானங்களை மனத்தோடு வைத்திருப்பது அவருக்கு வழக்கமில்லை. ஆகவே சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்திருந்து, மனைவியை நோக்கி, அதை ஓர் உத்தரவாகப் பிறப்பித்தார். அந்த வீட்டில் அந்த ஆடி மாதத்தில் முதலிற் பிறந்தது அந்த உத்தரவுதான்.

"இஞ்சை பாரும் கோணேசு. தேர் முடியுமட்டும் எனக்கு அந்தச் சங்கதி சொல்லக்கூடாது."

மனைவி கோணேஸ்வரி நிறைமாதக்காரி. நிலத்திற் காலை நீட்டியிருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சங்கதி?"

"அதுதான்."

"பிள்ளை பிறக்கிற சங்கதியோ?"

"உஸ்! சொல்லாதையும் எண்டெல்லோ சொல்லுறன்!"

"இன்னும் பிறக்கேல்லையே. பிறக்காத பிள்ளையைச் சொன்னாலும் குற்றமோ?"

"சொல்லிப் பழகினால் பிறந்த பிறகும் வாயில வந்திடும்."

"அப்ப வலி வந்தால் கத்தலாமோ? அதுவும் வாய்க்குள்ளையோ?"

"நான் வீட்டில நிக்கமாட்டன். நீர் விரும்பினமாதிரிக் கத்தும்."

இவ்வளவு தாராள மனம் படைத்த கணவர்கள் திருகோணமலையில் அப்போது அதிகம் இருக்கவில்லை. நாடு சுதந்திரம் பெற்றுவிட்ட காலம் அது. துறைமுகத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வெள்ளைக்காரனின் கப்பற்படை அங்கேயே நங்கூரமிட்டிருந்தது. அதன் டொக்யாட் களஞ்சியத்திற் சிவபாதத்தார் பெரிய கிளாக்கர். களஞ்சியத்துக்குள் ஓர் ஆணி வந்தாலும் அவருக்குத் தெரியாமல் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டுக்குள் ஒரு பிள்ளை வந்தாலும் அவருக்குத் தெரியக்கூடாது என்பது இங்கே சட்டம்.

இதற்குக் காரணம் பக்தி. குறைந்தபட்சம் அவர் அதைப் பக்தி என்றே அழைத்தார்.

கடற்கரையோரம் இருந்த அம்மன் கோயிலில், ஆடிப்பூரத் தீர்த்தத்துக்கு முதல்நாள் தேர். அந்தத் தேர்த்திருவிழாவின் செலவை ஏற்று நடத்தும் உபயம் கோணேஸ்வரியின் தகப்பன் வழி வந்தது. தேர் சுற்றி வந்து இருப்பிடத்தை அடைந்ததும், தேங்காய், பழம், வெற்றிலை, மாலை எல்லாம் வைத்த தட்டத்தை ஐயர் ஊரார் முன்னிலையில் உபயகாரர் கையிற் கொடுப்பார். அதற்குக் காளாஞ்சி என்று பெயர். தட்டத்தில் இருப்பது ஒரு தேங்காய்தான். ஆனால் அதை வாங்குகிறவர் கழுத்து அன்று முழுவதும் குனியாது.

தகப்பன் இறந்தபின் அதை வாங்கியவர் கோணேஸ்வரியின் ஒரே அண்ணன் பாக்கியரத்தினம். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குச் சாயம் பூசும் அவர், பேசுவதைவிடப் பூசுவதே நல்லது என்று நினைக்கும் மனிதர். தங்கையின் கலியாணப் பேச்சில், வீடு பெண்ணோடு வருவதுபோல உபயமும் பெண்ணோடுதான் வரவேண்டும் என்று மாப்பிள்ளை சிவபாதத்தார் ஒரே பிடியாக நின்றார். வீடு பெண்ணோடு வருவது அந்த ஊர் வழக்கம். உபயம் பெண்ணோடு வருவது எந்த ஊர் வழக்கமும் அன்று. ஆனால் கலியாணம் நின்றுவிடக்கூடாதே என்று பாக்கியரத்தினம் விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அவர் தேர் வடத்தின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கணவர் காளாஞ்சியோடு திரும்பும் ஒவ்வொரு வருடமும் கோணேஸ்வரி ஒன்றும் சொன்னதில்லை. மனைவி ஒன்றும் சொல்லாவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணுவது சிவபாதத்தாரின் அறிவின் எல்லை.

இந்த வருடம் இடையூறாக வந்தது பிள்ளை. பிள்ளை பிறந்தால் தகப்பனுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் கழிவுவரை கோயில் வாசலை மிதிக்க ஏலாது. மருத்துவிச்சி மிஸி குறித்துக் கொடுத்த நாளும் தேரும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. இரண்டையும் ஒரே வாரத்தில் வரச் செய்தவர் யார் என்று ஆராய்ந்தால் பழி தம் தலையிலேயே விழும் என்பதனால், அந்த ஆராய்ச்சியைச் சிவபாதத்தார் தொடரவில்லை. உத்தரவுக்கு முன்னர் மனைவியிடமே நயமாகக் கேட்டுப் பார்த்திருந்தார்.

"ஒரு கிழமை பொறுக்க ஏலாதோ?"

"எனக்கு ஏலும். உள்ளுக்கு இருக்கிற ஆளை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

அதன்பின் அவர் ஐயரை அணுகி, தமக்காக அல்ல, பொதுவாக, ஒரு சாத்திர விளக்கம் கேட்டார். மலாயாவிலிருந்த ஒருவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி காலந்தாழ்த்திப் போனதாகவும், செய்தி காதில் விழுந்த பின்னரே அவருக்குத் துடக்கு என்றும் ஐயர் சொன்னார். சிவபாதத்தார் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கடல் கடந்திருந்தவனுக்குக் கிடைத்த சலுகையை, வேலி கடந்திருக்கப்போகும் தமக்கும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அடுத்த சிக்கல் ஆசுபத்திரி. பிள்ளை ஆசுபத்திரியிலேதான் பிறக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவரே. டொக்யாட் துரை விசாரிக்கும்போது வீட்டில் பிறந்ததென்று சொல்வது பெரிய கிளாக்கரின் கதிரைக்கு இழுக்கு என்பது அவர் வாதம். கோணேஸ்வரியோ மூத்த மகளைத் தன் அறையில், தன் கட்டிலில், தங்கரத்தினம் மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றவள். இதையும் அப்படியே பெறவேண்டும் என்று வைகாசியிலிருந்து கேட்டுக் களைத்திருந்தாள். உத்தரவு பிறந்த அன்று அவள் கேட்கவில்லை. முருங்கையிலையைச் சுளகிலிட்டுக்கொண்டே, ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"நீங்கள் சொன்னதுதான் சரி. ஆசுபத்திரிக்கே போவம். வாட்டில அற்றெண்டனா நிக்கிறது கோயில் மனேச்சர் இராசையான்ரை மருமகன்தானே. நல்ல பெடியன். பிள்ளை தலை காட்ட முதலே கோயிலுக்கு ஓடிப்போய்ச் சொல்லிப்போடுவான்."

சிவபாதத்தார் கதிரையிலிருந்து எழுந்தார்.

"ஆசுபத்திரியோ? ஆர் சொன்னது? எங்கட குடும்பத்தில வீட்டில பிறக்கிறதுதான் வழக்கம். மிஸியைக் கூப்பிடும். இதுதான் என்ரை முடிவு. மறுகா இதிலை கதை இல்லை."

"நீங்கள் முடிவெடுத்தால் நான் என்ன சொல்ல ஏலும்?" என்றாள் கோணேஸ்வரி, மிகுந்த பணிவோடு.

*

தங்கரத்தினம் மிஸி அந்தப் பகுதிக்கு அரசாங்கம் அனுப்பிய மருத்துவிச்சி. கறுப்புக் குடை, தோற்பை, நாலு வளவுக்கு அப்பால் கேட்கும் குரல் ஆகிய மூன்றும் அவளுக்கு முன்னே வரும்; அவள் பின்னே வருவாள். வந்தவள் கோணேஸ்வரியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். விரல்களால் அமர்த்தித் தலை எங்கே, முதுகு எங்கே என்று பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, வீட்டைத் தன் கப்பலைப்போல நோட்டமிட்டாள்.

"பிள்ளை நேராக் கிடக்கு. பயமில்லை. பழைய வெள்ளைச் சீலையளை அவிச்சு வெயிலில காயப்போடுங்கோ. அறையை மெழுகுங்கோ. புதுச் சவர்க்காரம் ஒண்டு, பெரிய கிடாரம் ஒண்டு. அந்த அலுமாரியை வெளியில எடுங்கோ."

"அலுமாரியோ?" என்று சிவபாதத்தார் பதறினார். அதன் கண்ணாடிக்கு முன்னேதான் அவர் ஆண்டுதோறும் காளாஞ்சி வாங்கும் முகத்தைப் பயிற்சி செய்வது வழக்கம். "அது என்ன இடைஞ்சல் செய்யுது?"

"பிள்ளை கட்டிலிலதான் பிறக்கும் ஐயா, அலுமாரிக்குள்ளை இல்லை. எனக்கு நிண்டு திரும்ப இடம் வேணும்."

அலுமாரி வெளியேறியது. அதன்பின் சிவபாதத்தார் தம் உத்தரவை மிஸிக்கும் அறிவித்தார். மிஸி அதை இரண்டுதரம் சொல்லக் கேட்டாள்.

"பிள்ளை பிறந்தால் உங்களுக்குச் சொல்லக்கூடாது?"

"தேர் முடியுமட்டும்."

"இந்த வேலையில நான் எல்லாவகைத் தகப்பன்மாரையும் கண்டனான் ஐயா. மயங்கி விழுந்தவையைக் கண்டனான். குடிச்சுப்போட்டுப் பாடினவையைக் கண்டனான். பெண்பிள்ளை எண்டு கோவிச்சு இறக்கக்கண்டிக்குப் போய் ஒளிச்சவரையும் கண்டனான். காதைப் பொத்துறவரை இப்பதான் காணுறன்."

"இது சாத்திரம்."

"சரி. வலி வந்தால் என்னை ஆர் வந்து கூப்பிடுறது? அதுக்குச் சாத்திரம் என்ன சொல்லுது?"

சாத்திரம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சிவபாதத்தார் கூரையைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் மட்டும் கோணேஸ்வரியின் முகத்தில் பணிவு இருக்கவில்லை. நிறைமாதக்காரி ஒருத்தி, வலி வரும்போது யார் ஓடுவார் என்று எண்ணிப் பார்த்த முகம் அது. அவர் அதைக் காணவில்லை. கூரையிற் கிடுகு மாற்றவேண்டியிருந்தது.

"அண்ணன் இருக்கிறார் மிஸி," என்றாள் கோணேஸ்வரி. "சைக்கிளும் இருக்கு."

"பாக்கியம் எண்டால் நல்லது. அவன் கதைக்கமாட்டான்," என்று சிவபாதத்தார் தாராளமாக அனுமதி வழங்கினார்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மிஸி குடையை எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போனாள். அங்கே உம்மு குல்சும் என்ற முஸ்லிம் அம்மாவின் மகள் ஸாலிஹாவும் முதற்பிள்ளைக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அதைச் சிவபாதத்தார் அறிந்திருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்களைப் பார்க்காத ஒழுக்கம் அவரிடம் இருந்தது. தம் வீட்டுப் பெண்ணையும் பார்க்காததனால் அதைத் தனி ஒழுக்கமாகக் கொள்ள இடமில்லை.

*

கொடியேறிய அன்றே அவர் லீவு போட்டு, பாயும் தலையணையுமாகக் கோயில் மடத்துக்குக் குடிபெயர்ந்தார். மகளை உப்புவெளியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் சொன்ன குறை. மடத்திற் காலையிலும் பூசணிக்காய், மாலையிலும் பூசணிக்காய். அவர் அதைத் தவம் என்று பெயரிட்டு விழுங்கினார்.

செவியடக்கம்தான் கடினமாக இருந்தது. தம் தெருப்பக்கமிருந்து யார் வந்தாலும் தூரத்திலேயே கையை உயர்த்தி மறித்தார்.

"நில்லும்! வீட்டுச் சங்கதியோ?"

"இல்லை அண்ணை. பூ கொண்டு வந்தனான்."

"பூவெண்டால் வாரும்."

திருவிழாவுக்கு வந்தவர்கள் இதை ஒரு நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள். சிலர் அவர் காலிலும் விழுந்தார்கள். அவர் தடுக்கவில்லை.

தேருக்கு முதல்நாள் பிற்பகல், பட்டு வேட்டியை எடுக்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரம். அவர் தம் வீட்டு வேலியோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்தார். சொந்த வீட்டுக்குக் கள்ளன்போல வந்த முதலாவது உபயகாரர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

படலையில் மிஸியின் கறுப்புக் குடை தொங்கியது.

கொடியில், வெயிலில், சின்னஞ்சிறிய வெள்ளைத் துணிகள் வரிசையாக ஆடின. குசினிப் பக்கமிருந்து, பிள்ளைபெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியின் மணம், மிளகும் உள்ளியும் மல்லியுமாகக் காற்றில் வந்தது. கிணற்றடியில் மிஸியின் குரல்: "தலையைப் பிடியுங்கோ, தலையைப் பிடியுங்கோ, கண்ணுக்குள்ளை தண்ணி போகாமல்!" அதற்குப் பதிலாக, டொக்யாட் சங்கு ஊதுவதுபோல ஓர் அழுகை.

சிவபாதத்தாரின் நெஞ்சு நிறைந்து வழிந்தது. கேட்க ஏலாது. கேட்காமல் இருக்கவும் ஏலாது.

"கோணேசு!"

"என்ன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சோர்ந்த குரல் என்று அவருக்குப் பட்டது. கோணேஸ்வரியின் வாய்க்குள் அப்போது பாதி மாங்காய் இருந்தது.

"என்ரை பட்டு வேட்டி."

"வேலிக்கு மேலாலை எறியட்டோ?"

"எறியும். ஒண்டும் சொல்லாதையும்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

வேட்டி பறந்து வந்து அவர் தலையில் விழுந்தது. அதற்குள்ளிருந்தபடியே அவர் மெல்லக் கேட்டார்.

"அது... அழுகிறது... பூனையோ?"

கோணேஸ்வரி மாங்காயை விழுங்கினாள்.

"நீங்கள் பூனை எண்டால் பூனைதான்."

என்ன கீழ்ப்படிவு! சிவபாதத்தார் உருகிப்போனார். அப்போது அடுத்த வளவுப் படலையைத் திறந்துகொண்டு உம்மு குல்சும் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"சிவபாதம் தம்பி! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒரு சந்தோசமான சங்கதி இரிக்கி, கேளுங்க—"

சிவபாதத்தார் பட்டு வேட்டியைக் காதுகளில் அடைத்துக்கொண்டு கடற்கரை வரை ஓடினார்.

"இந்த மனிசனுக்கு என்ன புடிச்சிரிக்கி?" என்று உம்மு குல்சும் கேட்டது கச்சானில் போயிற்று.

மடத்துக்கு வந்து மூச்சு வாங்கியபின் அவர் தம் நிலையைச் சீர்தூக்கினார். எந்த மனிதரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. குடையைக் கண்டார்; துணியைக் கண்டார்; மணத்தை மோந்தார். மூக்கால் அறிந்தது துடக்காகாது. ஆகவே அவர் சுத்தமானவர். அதேவேளை ஒரு மகனுக்குத் தகப்பன். மகன்தான் என்பதில் ஐயமில்லை. பெண்பிள்ளைக்கு அந்தச் சங்குக் குரல் வராது. முதல்நாள் தெருவால் வந்தவர்கள் முகத்தில் ஒரு புதினமும் இல்லாததனால் பிள்ளை பிறந்தது இன்று விடியற்காலை. மடத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆயிலியம். மாமியாருக்கு ஆகாத நட்சத்திரம் என்பார்கள். மகனுக்கு மாமியார் இன்னும் தெரிவாகாதபடியால் கவலைப்பட அவசரமில்லை.

*

தேரன்று காலையில் கோயில் வீதி கொள்ளாத சனம். மேளமும் நாயனமும் கடலையே பேசாமல் இருக்கச் செய்தன. சிவபாதத்தார் பட்டு வேட்டியும் தோளிற் சால்வையுமாக, அலுமாரிக் கண்ணாடி இல்லாமலே முகத்தைச் சரிசெய்துகொண்டு தேரடியில் நின்றார். வடத்தின் கடைசி நுனியில், சாயம் போகாத நகங்களோடு, பாக்கியரத்தினம் நின்றார்.

ஐயர் சங்கற்பம் தொடங்கினார். மணிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"உபயகாரர் பேர், நட்சத்திரம்?"

"சிவபாதம். அனுஷம்."

"பாரியார்?"

"கோணேஸ்வரி. உத்தரட்டாதி."

"பிள்ளையள்?"

"மகள், இரத்தினேஸ்வரி. பூசம்."

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் வாயை மூடியிருப்பான். ஆனால் களஞ்சியத்துக்குள் வந்து சேர்ந்த ஒரு பொருளைச் சொல்லாமல் விடுவது அவர் பிறவிக்கே இல்லாத குணம். அதிலும் இது மகன். அதிலும் அம்மன் சந்நிதி. அதிலும் ஊரெல்லாம் கேட்கும் நேரம்.

"மகன். ஆயிலியம்."

"பேர்?"

"இன்னும் வைக்கேல்லை."

ஐயரின் கையிலிருந்த பூ கையிலேயே நின்றது. மணி நின்றது. மேளம் மட்டும் விஷயம் விளங்காமல் சிறிது தூரம் போய்ப் பின் நின்றது.

"எப்ப பிறந்தவர்?" என்று ஐயர் மெல்லக் கேட்டார்.

"நேற்று விடிய..." சிவபாதத்தார் தம் வாயைத் தாமே பொத்தினார். இதுவரை காதைப் பொத்தியவர் வாயைப் பொத்தக் கற்றுக்கொண்டது அப்போதுதான், சற்றுப் பிந்திவிட்டது.

கோயில் மனேச்சர் இராசையா முன்னே வந்தார். அவர் உரக்கப் பேசுகிறவர் அல்லர். அன்று பேசினார்.

"துடக்கோடையோ காணும் தேரடிக்கு வந்தனீர்?"

"எனக்கு ஒருதரும் சொல்லேல்லை! அம்மாளாணை, ஒருதரும் சொல்லேல்லை!"

"அப்ப நட்சத்திரம் எப்பிடித் தெரியும்?"

"மணந்தது."

"ஆயிலியம் மணந்ததோ?"

அந்த வீதியில் எழுந்த சிரிப்பைப் பற்றி விவரிப்பது பண்பன்று. சிவபாதத்தார் வெளிவீதிக்கு அப்பால் அனுப்பப்பட்டார். அவர் நின்ற இடத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்பட்டது. அவர் நிற்காத இடத்துக்கும் சேர்த்துத் தெளித்தார்கள். தேரை நிறுத்த ஏலாது.

"உபயகாரர் வீட்டில வேறை ஆம்பிளை ஆர்?" என்று ஐயர் கேட்டார்.

"பெண்ணின்ரை தமையன் நிக்கிறார்," என்றார் இராசையா. "அவருக்குத் துடக்குண்டோ?"

"கட்டிக் குடுத்த தங்கச்சியின்ரை பிள்ளைக்குத் தமையனுக்குத் துடக்கில்லை. வரச்சொல்லுங்கோ."

வடத்தின் கடைசி நுனியிலிருந்து பாக்கியரத்தினத்தை முன்னே தள்ளிவிட்டார்கள். சிவபாதத்தாரின் தோளிலிருந்து விழுந்திருந்த சால்வையை எடுக்க அவர் மறுத்தார். யாரோ வேறொன்றைக் கட்டிவிட்டார்கள்.

*

காளாஞ்சி போனாலும் மகன் இருக்கிறான். அந்த ஓர் ஆறுதலோடு சிவபாதத்தார் வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்தார்.

கோணேஸ்வரி முற்றத்து மாநிழலில், சிறு மரவாங்கில் உட்கார்ந்து, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுக்கு முன்னே வயிறு. அது போனபோது இருந்த இடத்திலேயே, போனபோது இருந்த அளவிலேயே, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும், இருந்தது.

"எங்கை பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

"என்ரை மகன்!"

அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். "இஞ்சைதான் கிடக்கு. மகனோ மகளோ எண்டு இன்னும் சொல்லேல்லை."

சிவபாதத்தார் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நேற்று அழுதது?"

"ஸாலிஹான்ரை பிள்ளை. கொடியேற்றத்துக்கு அடுத்த நாள் பிறந்தது."

"எங்கட கிணற்றடியில?"

"அவையின்ரை கிணறு உவர்தானே. பச்சைப் பிள்ளையை உவர்த் தண்ணியில வாக்க ஏலுமோ? நான்தான் இஞ்சை கொண்டுவரச் சொன்னனான்."

"கொடியில கிடந்த துணி?"

"எங்கட கொடியிலதான் நல்ல வெயில்."

"சரக்குக் கறி?"

"எங்கட அடுப்பு பெரிசு."

"நீர் எனக்கு ஏன் சொல்லேல்லை!"

"நல்ல கதை! ஒண்டும் சொல்லாதை எண்டது ஆர்? வேலிக்கு அங்காலை நிண்டுகொண்டும் சொல்லாதை எண்டனீங்கள். பிறந்தால் சொல்லக்கூடாது, பிறக்காட்டிச் சொல்லலாம் எண்டு உத்தரவில இல்லையே."

"பூனை எண்டீரே!"

"பூனை எண்டது நீங்கள்."

அவள் சுளகை மடியில் வைத்தாள். பிறகு, மிகச் சாதாரணமாக, கேட்டாள்.

"உங்களை ஏன் இந்த நேரத்தில விட்டவை? தட்டம் ஆருக்கு?"

"பாக்கியத்துக்கு."

"அப்பிடியோ," என்றாள் கோணேஸ்வரி. கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பின் பொருளை ஆராய அவர் நிற்கவில்லை. பிள்ளை பிறக்கவில்லையென்றால் துடக்கும் இல்லை. துடக்கில்லையென்றால் காளாஞ்சி அவருடையது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"பிறக்கேல்லை! பிறக்கேல்லை!"

தெருச் சனம் வழிவிட்டு நின்றது. தனக்குப் பிள்ளை இல்லை என்று இவ்வளவு மகிழ்ச்சியோடு ஒருவர் கூவிக்கொண்டு ஓடியதை அவர்கள் முன்னர் கண்டதில்லை. கோயில் வீதி முகப்பில் இராசையா கையை விரித்து மறித்தார்.

"இன்னும் பிறக்கேல்லை மனேச்சர்! வீட்டில போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்!"

"காலமை பிறந்தது எண்டீர். இப்ப பிறக்கேல்லை எண்டுறீர். வந்த பிள்ளை ஊர் பிடிக்காமல் திரும்பிப் போட்டுதோ?"

அவர் தோளுக்கு மேலால் சிவபாதத்தார் எட்டிப் பார்த்தார். தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது. ஐயர் தட்டத்தை நீட்டினார். பாக்கியரத்தினம் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, எந்த முகத்தையும் பயிற்சி செய்யாதவராகையால், அழுதுவிட்டார்.

*

திரும்பி வந்தபோது முற்றத்திற் சுளகு மட்டும் இருந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. குசினியில் கிடாரம் கொதித்தது. அவித்து வெயிலிற் காயவைத்த சீலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உம்மு குல்சும் விரைந்து வந்தார்.

"தம்பி, இப்ப ஓடாதீங்க. கோணேசுக்கு வலி துவங்கிட்டு. தண்ணி அள்ளுங்க."

"மிஸி? நான் போய் மிஸியைக் கூட்டிக்கொண்டு வாறன்!"

"மிஸி நீங்க கத்திக்கொண்டு போன நேரமே வந்திட்டா. ஸாலிஹாட புள்ளயப் பாக்க வந்தவ, இஞ்சால திரும்பிட்டா."

கதவுக்கு அப்பால் மிஸியின் குரல், வழக்கமான உரப்பு இல்லாமல், தாழ்ந்து, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "மூச்சை விடுங்கோ பிள்ளை. இன்னும் முக்க வேண்டாம். நான் சொல்லேக்கை முக்கினால் காணும். என்ரை கையைப் பிடியுங்கோ. ஓம், இறுக்கிப் பிடியுங்கோ, உடையாது." அதற்கிடையே கோணேஸ்வரியின் முனகல், பிறகு முனகல் அல்லாத ஒன்று. அத்தனை நாளும் பொத்திவைத்த காதை எடுத்துச் சிவபாதத்தார் கதவிற் பதித்தார். உள்ளே இருப்பவள் இன்னுமொருமுறை 'நீங்கள் பூனை எண்டால் பூனைதான்' என்று சொன்னாற்கூடப் போதும் என்றிருந்தது.

"ஆர் கதவில சாயுறது?" என்று மிஸி உள்ளிருந்து கேட்டாள். "கதவு பிள்ளை பெறாது. தண்ணி எங்கை?"

அவர் அள்ளினார். துலா கிறீச்சிட, பட்டு வேட்டி சேறாக, கிணறு வற்றிவிடுமோ என்று உம்மு குல்சும் அஞ்சும்வரை அள்ளினார். நிறுத்தச் சொன்னார்கள், அவருக்குக் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்திற் படலை மெல்லத் திறந்தது. பாக்கியரத்தினம் நின்றார். தலையிற் கட்டிய சால்வையை அவிழ்க்காமல், இரண்டு கைகளிலும் தட்டத்தை ஏந்தியபடி, தயங்கித் தயங்கி முற்றத்துக்கு வந்தார்.

"மச்சான், காலமை நடந்ததை மனசில வைச்சுக்கொள்ளாதேங்கோ. இது உங்கட வீட்டு உபயம். நான் சும்மா கைநீட்டி வாங்கினது மட்டுந்தான். நீங்கள்தான் இதை எடுக்கவேணும். இந்தாங்கோ."

இவ்வளவு நல்ல மனிதனை வடத்தின் நுனியில் நிறுத்தினோமே என்று, இத்தனை வருடங்களில் முதன்முறையாக, சிவபாதத்தாருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் நிலைத்திருக்குமோ என்னவோ, கை அதற்குள் நீண்டுவிட்டது. வாளியை வைத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். மாலையும் வெற்றிலையும் பழமும் குடுமித் தேங்காயுமாகத் தட்டம் அவர் விரல் நுனிக்கு வந்தது.

அறைக்கதவைத் திறந்துகொண்டு, முழங்கைவரை நனைந்த கைகளைச் சீலையில் துடைத்தபடி, தங்கரத்தினம் மிஸி வெளியே வந்தாள்.

"கையை எடுங்கோ ஐயா," என்றாள். "இப்ப உங்களுக்குத் துடக்கு."